வேறு கை போட்ட முடிச்சு

ஒரே தறியில் பகல் ஷிப்ட் எனக்கு, மாலை ஷிப்ட் என் வீட்டுக்காரருக்கு. அறுந்த பாவு நூலில் அவர் முடிச்சுப் போட்டால் இரண்டு பக்கமும் வால் நீட்டிக்கொண்டு நிற்கும். இந்த வாரம் காலையில் வந்து பார்த்தால், முடிச்செல்லாம் கடுகு மாதிரி இருக்கிறது.

"என்னடி, உன் வீட்டுக்காரர் முடிச்சு திடீர்னு அழகாயிடுச்சு? பேய் எதுவும் வந்து போட்டுட்டுப் போகுதா?" என்று பக்கத்துத் தறி அக்கா சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஷிப்டில் வேறு யாரையோ நிறுத்திவிட்டு இவர் எங்கே போகிறார்?

அன்று மாலை சொல்லாமல் திரும்பி வந்தேன். அவர் எங்கேயும் போகவில்லை. எதிர்த் தறிக்காரி குனிந்து நூலை முடிந்துகொண்டிருந்தாள். அவர் அவளை ஒட்டி நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"கத்தாதே," என்றார் அவர். "எனக்குக் கிட்டத்துல எதுவும் கண்ணுக்குத் தெரியல. மேஸ்திரிக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவார்."

"அண்ணனைத் திட்டாதீங்க அண்ணி," என்றாள் அவள்.

கண்ணுக்குக் கண்ணாடி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பக்கத்தில் படுக்கிற என்னிடம் சொல்லாததை இவளிடம் சொல்லியிருக்கிறார். அந்த 'அண்ணி' உட்பட, நான் இன்னும் எதையும் நம்பவில்லை.