வைக்கோல் கொட்டகையில் குழாய்

கோஸ்கிலா ஊர் விவசாயக் காப்பீட்டுச் சங்கத்தில் துவோவி ரிந்தலாவுக்கு இருபத்து மூன்று வருட சர்வீஸ். வருகிற கிளைம் மனுவைத் தபால் பதிவேட்டில் ஏற்றி எண் போடுவாள்; பாலிசிக் கோப்பைத் தேடி எடுத்து வைப்பாள்; மேலாளர் முடிவு சொன்னதும் கடிதம் அடிப்பாள். முடிவெடுப்பது அவள் வேலையல்ல. 'தங்கள் பாலிசியில் இந்தச் சேதத்துக்கு இடமில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்' என்ற வரியை அவள் விரல்கள் கண்ணை மூடிக்கொண்டே அடித்துவிடும்.

அந்த வருடம், தொண்ணூற்றாறு மார்ச்சில், பனியின் மேல் மழை பெய்தது. தண்ணீர் குடித்த பனி கூரைகளின் மேல் ஈயம் மாதிரி உட்கார்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலை அஹ்தி வீத்தலாவின் வைக்கோல் கொட்டகை முனகி, முறிந்து, அப்படியே தரையில் இறங்கியது. உள்ளே நின்ற அறுவடை இயந்திரம் தகர டப்பா போல நசுங்கிப் போனது.

செவ்வாய்க்கிழமை வீத்தலா ரப்பர் பூட்ஸோடு வந்து கவுன்ட்டர் முன்னால் நின்றார். அறுபது வயதை நெருங்கும் மனிதர். கடிதம் வரும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. மேலாளரின் முடிவைத் துவோவி வாயாலேயே சொன்னாள்: இடமில்லை.

"இடமில்லன்னா என்னம்மா அர்த்தம்? உங்க ஏஜென்ட் என் அடுப்படியில உக்காந்து மூணு கப் காபி குடிச்சான். 'பனிப்பாரத்துக்கும் போட்டாச்சு அஹ்தி, இனி நிம்மதியாத் தூங்கு'ன்னு சொல்லிட்டுப் போனான்."

மேலாளர் ஹான்னு ராந்தா தன் அறை வாசலில் வந்து நின்றார். வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. சட்டை கசங்காத ஆள்.

"அந்த ஏஜென்ட் செத்து நாலு வருஷமாச்சு, வீத்தலா. செத்தவர் பேச்சை நான் கோப்புல வைக்க முடியாது. வருஷா வருஷம் பாலிசித் தாள் வீட்டுக்கு வருதே, படிச்சீங்களா?"

"படிக்கிறதுக்கா அனுப்புறீங்க? பணத்தைக் கட்டினேன். மாட்டைப் பாக்கப் போனேன்."

"அப்ப மாட்டையே கேளுங்க," என்றார் ராந்தா. கதவு மூடியது.

வீத்தலா தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே வெளியே போனார். அவர் நின்ற இடத்தில் பனி உருகித் தண்ணீர் தேங்கியிருந்தது. துவோவி அதைத் துடைத்துவிட்டுக் கடிதம் அடிக்க உட்கார்ந்தாள்.

கணினியில் பாலிசி திறந்தது. வைக்கோல் கொட்டகை. தீ உண்டு. புயல் உண்டு. குழாய்க் கசிவு உண்டு.

விரல் நின்றது. வீத்தலா வீடு போய்ச் சேரும் நேரம்வரை பொறுத்து, அவருக்குப் போன் போட்டாள். அவர் அப்போதுதான் உள்ளே நுழைந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க கொட்டகையில தண்ணிக் குழாய் இருந்துச்சா?"

"ஏம்மா, கிண்டலா? வைக்கோலுக்கு யாராவது தண்ணி பாய்ச்சுவாங்களா?"

"இல்லல்ல?"

"நூறு மீட்டருக்கு அந்தப் பக்கம்கூட இல்ல. போனை வை தாயீ."

துவோவி போனை வைத்தாள். கடிதத்தை அடிக்கவில்லை. அடித்தளத்துக்கு இறங்கினாள். கணினி வருவதற்கு முந்தைய பாலிசி அட்டைகள் அங்கே இரும்பு அலமாரிகளில் கிடந்தன. மே மாதம் காகித ஆலைக்குப் போக வேண்டியவை. வீத்தலாவின் அட்டை மஞ்சள் நிறம். அதில் நான்கு கட்டங்கள்: தீ, புயல், பனிப்பாரம், குழாய். முதல் மூன்றிலும் நீல மையில் குறி போட்டிருந்தது.

பனிப்பாரம். சந்தேகமே இல்லை.

பக்கத்து அலமாரியில் இருந்தவை வெள்ளை அட்டைகள், பிந்தைய வருடங்களில் அச்சடித்தவை. அவற்றிலும் அதே நான்கு கட்டங்கள்தான். ஆனால் வரிசை வேறு: தீ, புயல், குழாய், பனிப்பாரம். எந்தப் புண்ணியவானோ மூன்றாவதையும் நான்காவதையும் இடம் மாற்றி அச்சடித்திருக்கிறான்.

துவோவி இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எண்பத்தெட்டு கோடையில் அட்டைகளையெல்லாம் கணினியில் ஏற்றினார்கள். தட்டச்சு செய்ய இரண்டு பெண்களைத் தற்காலிகமாக வைத்தார்கள். 'மூன்றாம் கட்டம் என்றால் குழாய்' என்று அவர்களுக்கு வழிகாட்டித் தாள் எழுதிக் கொடுத்தது யார்? அலமாரிக் கதவின் உட்புறம் அந்தத் தாள் இன்னும் ஒட்டியிருந்தது. கையெழுத்து அவளுடையது. வெள்ளை அட்டையை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறாள்.

மறுநாள் காபி வேளையில் அடுத்த மேசை சிர்க்காவிடம் சொன்னாள். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சிர்க்கா ஏலக்காய் பன்னைக் கடித்தபடியே கேட்டாள். பாதியில் கடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அடிப்பாவி. எத்தனை அட்டை?"

"மஞ்சள்ல மூணாவது கட்டத்துல குறி போட்டது நூத்தி எண்பத்தேழு. எண்ணிட்டேன்."

"எண்ணிட்டியா! வேற வேலை இல்லையா உனக்கு? இத பாருடி, மே மாசம் லாரி வரும், அட்டையெல்லாம் கூழாயிடும். நீ எதையும் பாக்கல. நானும் எதையும் கேக்கல. நீ எட்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப் போறவ."

"வீத்தலா மாதிரி இன்னும் அஞ்சு பேருக்கு இடமில்லன்னு எழுதியிருக்கோம் சிர்க்கா. அஞ்சையும் நான்தான் அடிச்சேன்."

சிர்க்கா பன்னைத் தட்டில் வைத்தாள்.  "நாசமாப் போ," என்றாள். "சனிக்கிழமை வர்றேன். ஒருத்தி அட்டையைப் படிச்சா ஒருத்தி எழுதலாம்."

சனிக்கிழமை பகல் முழுதும் இருவரும் அடித்தளத்தில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து பட்டியல் எடுத்தார்கள். மதியத்துக்கு மேல் சிர்க்காதான் அதைக் கவனித்தாள்.

"துவோவி, கணினிக்குப் போனப்ப பிரீமியத்தை அப்படியே அட்டையில இருந்துதானே ஏத்தினோம்? குழாய்க்கு உள்ள கட்டணம் இதுல பாதிகூட வராதே."

துவோவி நாலு அட்டைகளைக் கட்டணப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றுகொண்டாள். உட்கார முடியவில்லை. இத்தனை வருடமும் இந்த நூற்று எண்பத்தேழு பேரிடமும் பனிக்கான கட்டணத்தை வாங்கிவிட்டு, குழாய் என்று தாள் கொடுத்திருக்கிறது சங்கம். இதற்கு மேல் யாரும் வாயைத் திறக்க முடியாது.

திங்கட்கிழமை காலை மூன்று பக்க அறிக்கையை எழுதி முடித்தாள். தவறு எப்படி நடந்தது, யாரால் நடந்தது என்பதை முதல் பத்தியிலேயே தன் பெயரோடு எழுதினாள். அடுத்து அவள் செய்தது இருபத்து மூன்று வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்தவளுக்கு மட்டுமே தோன்றக்கூடிய காரியம். ராந்தாவின் அறைக்குப் போகும் முன், அறிக்கையைத் தபால் பதிவேட்டில் ஏற்றினாள். தேதி முத்திரை குத்தினாள். எண் போட்டாள். எண் விழுந்த காகிதத்தைக் கிழித்துப் போட முடியாது. வருட முடிவில் தணிக்கைக்காரர் ஒவ்வொரு எண்ணுக்கும் பதில் கேட்பார்.

ராந்தா படித்தார். காது சிவந்தது.

"இது என்ன தெரியுமா? உங்க தப்பை நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க."

"தெரியும்."

"இது ஹெல்சிங்கி தலைமை அலுவலகத்துக்குப் போனா, முதல்ல போறது உங்க நாற்காலிதான்."

"போகட்டும். கூரை போன மனுஷன் மாட்டைக் கேளுன்னு பேச்சு வாங்கிட்டுப் போனார். என் நாற்காலி என்ன பெரிய நாற்காலி?"

"எல்லாரும் வருஷா வருஷம் தாளை வாங்கிட்டு சும்மாதானே இருந்தாங்க. அது சம்மதம்னுதான் அர்த்தம்."

"மூணாம் பக்கம் பாருங்க. பனிக்குப் பணம் வாங்கியிருக்கோம். அதுக்கு என்ன அர்த்தம்?"

ராந்தா மூன்றாம் பக்கத்தைப் பார்த்தார்.  "இதை நான் யோசிச்சுச் சொல்றேன்," என்று இழுப்பறையைத் திறந்தார்.

"யோசிங்க. ஆனா பதிவேட்டுல ஏத்திட்டேன். நானூத்திப் பன்னிரண்டாம் எண். ஒரு நகல் காலைத் தபால்லயே ஹெல்சிங்கி போயாச்சு."

இழுப்பறை பாதி திறந்தபடியே நின்றது.

பதினாறு நாள் எந்தச் சத்தமும் இல்லை. ராந்தா அவளோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. துவோவி தன் மேசையிலிருந்த சொந்தச் சாமான்களை ஒரு பையில் போட்டுக்கூட வைத்துவிட்டாள்.

பதினேழாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ராந்தாவுக்கு அல்ல, துவோவிக்கு. சட்டப் பிரிவுத் தலைவி பேசினார். நூற்று எண்பத்தேழு பாலிசிகளும் முதல் நாளிலிருந்தே பனிப்பாரத்தோடு செல்லும். வீத்தலாவோடு சேர்த்து மறுக்கப்பட்ட ஆறு கிளைமும் வட்டியோடு தரப்படும்.

"அப்புறம் என் விஷயம்?" என்று துவோவி கேட்டாள். 

"கட்டத்தை இடம் மாத்தி அச்சடிச்சுட்டு ஒருத்தருக்கும் சொல்லாதது நாங்கதாங்க. அந்த மஞ்சள் அட்டை மத்த கிளையிலயும் இருக்கு. அதையும் சரி பாக்கணும். மொத்த வேலையையும் நீங்களே நடத்துறீங்களா? ராந்தாவுக்கு எழுதிட்டோம், நீங்க கேக்குற ஆளைக் கொடுக்கச் சொல்லி."

துவோவி போனை வைத்துவிட்டு சிர்க்காவைப் பார்த்தாள். கட்டை விரலை உயர்த்தினாள். சிர்க்கா போட்ட கூச்சலில் தெருவில் போன தபால்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

ஆறு பேருக்கும் கடிதம் போதும் என்று விதி. துவோவி போனே போட்டாள். வீத்தலா முதலில் நம்பவில்லை.

"மறுபடியும் குழாய் விசாரணையா?"

"இல்ல. உங்க கொட்டகைக்குப் பனிப்பாரம் இருக்கு. எப்பவுமே இருந்துச்சு. தப்பு என்னோடது, மன்னிச்சுக்குங்க. புதுக் கூரை போட ஆளைப் பாருங்க."

  அவர் ரிசீவரைக் கீழே வைக்காமலே, "ஏய், இங்க வா! இவங்க சொல்றத நீயும் ஒருதடவை கேளு, எனக்குக் காது சரியில்ல போல," என்று மனைவியைக் கூப்பிடுவது கேட்டது. துவோவி எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொன்னாள். சொல்லச் சொல்ல இனித்தது.

ஒருவர் ஏமாற்று வேலை என்று போனை வைத்தேவிட்டார். இரண்டாம் முறை அழைத்து நம்ப வைத்தாள். இன்னொருவர் கூரை விழுந்த வருடமே மாடுகளை விற்றுவிட்டுச் சுவீடன் தொழிற்சாலைக்குப் போயிருந்தார். "ஆறு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கலாமே," என்றார் அவர்.  ஆனாலும் அவர் போனை வைக்கும் முன், "கூப்பிட்டதுக்கு நன்றி," என்றார்.

அடுத்த வாரம் திருத்திய பாலிசிகள் அச்சாகி வந்தன. ஒவ்வொன்றிலும் மேலாளர் தன் கையால் கையெழுத்திட வேண்டும். துவோவி கட்டைத் தூக்கிக்கொண்டு போய் ராந்தாவின் மேசையில் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில், கேட்காமலே, உட்கார்ந்தாள்.

நாற்பதாவது தாளில் ராந்தா பேனாவை வைத்துவிட்டுக் கையை உதறினார்.

"மீதியை நாளைக்குப் போடலாமா?"

"இன்னும் நூத்தி நாப்பத்தேழு இருக்கு," என்றாள் துவோவி, அடுத்த தாளை அவர் பக்கம் தள்ளிக்கொண்டே. "தபால் வண்டி நாலு மணிக்கு. போடுங்க."

அவர் போட்டார்.