கழுத்துக் கறுப்பு

பெரியநாயகி புளியை உருட்டி மூன்றாம் முறையாகச் செல்லியம்மாளின் கழுத்தில் வைத்துத் தேய்த்தாள். கறுப்பு போகவில்லை. தாலிச் சங்கிலி கிடந்த தடம், காதுக்குக் கீழிருந்து மார்பு வரை, அடுப்புக்கரியால் கோடு போட்ட மாதிரி அப்படியே இருந்தது. புளியோடு கொஞ்சம் தோல்தான் உரிந்து வந்தது.

"போதும் அத்த. தோலு வருது," என்றாள் தமிழ்மொழி.

"இப்பிடியேவாடி அனுப்பறது? பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

அப்பாவின் தங்கையான அத்தை கையை உதறினாள். புளியும் தோலும் சேர்ந்த பழுப்புத் துணுக்கு ஒன்று தமிழ்மொழியின் பாதத்தில் வந்து ஒட்டியது. அவள் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டாள்.

வீட்டின் பின்பக்கம் நான்கு புறமும் சேலை கட்டி மறைத்து, நடுவில் பெஞ்சு போட்டு அம்மா செல்லியம்மாளைக் கிடத்தியிருந்தார்கள். சிறுநீரகம் கெட்டு ஒன்றரை வருஷம் கள்ளக்குறிச்சிக்கும் வடக்கனந்தலுக்குமாக அலைந்த உடம்பு. நேற்று மதியம் அடங்கிவிட்டது. சென்னையிலிருந்து மகள் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்ததால் வீங்கிய முகத்தில் இன்னும் ஈரம் பூத்துக்கொண்டிருந்தது.

"சங்கிலிய கழட்டிட்டீங்களா?" சேலைக்கு வெளியிலிருந்து அப்பா காசிநாதனின் குரல் கேட்டது. "மஞ்சக்கயிறு கட்டிட்டு சங்கிலிய என் கையில குடுத்துடுங்க."

அத்தை சங்கிலியை இரண்டு விரல் நுனியால் தூக்கி, செத்த பல்லியைப் போடுவதுபோல ஒரு வாழையிலைத் துண்டில் போட்டாள். "இன்னா ஒடம்புடா சாமி இது! செத்தும் வுட மாட்டேங்குது. எலக்கியா, நீ புள்ளயத் தூக்கிக்கினு அப்பால போ. இந்த வாட கொழந்த மேல படக்கூடாது."

அண்ணி இலக்கியா எட்டு மாதக் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு சேலை ஓரமாக நகர்ந்தாள்.

இந்தப் பேச்சு முப்பத்து நான்கு வருஷத்துப் பேச்சு. எலவனாசூர்கோட்டையில் அம்மாவைப் பெற்றவர் போட்ட சங்கிலி முதல் வருஷம் முழுக்க மஞ்சளாகத்தான் கிடந்தது. அறுந்துபோயிற்று என்று அப்பா அதைச் சின்னசேலத்துக்கு எடுத்துப் போய், புதுசாகச் செய்து கொண்டுவந்தார். மூன்று மாதத்தில் அதுவும் அது கிடந்த கழுத்தும் கறுத்தன. "ஒன் ஒடம்பு வாகு அப்பிடி. ரத்தத்துலயே ஏதோ கெடுதி," என்றார். அவ்வளவுதான். ஊறுகாய் ஜாடியை அம்மா தொடக்கூடாது. பிறந்த குழந்தையைத் தூக்கக்கூடாது. அண்ணனுக்கு மொட்டையடித்தபோது மடியில் வைத்துக்கொண்டவள் அத்தை. அம்மா தினமும் காலையில் கிணற்றடியில் நின்று புளி போட்டுக் கழுத்தைத் தேய்ப்பாள். புண்ணாகும். புண் மேலேயே மறுநாளும் தேய்ப்பாள். அருவருப்பை மற்றவர்கள் வெளியே காட்டினார்கள். அம்மா தன் உடம்பின் மேலேயே அதை வைத்துக்கொண்டாள்.

தமிழ்மொழியின் ஆராய்ச்சி உலோகங்களின் மேற்பரப்பைப் பற்றியது. பிளாட்டினத்தின் மேல் கார்பன் மோனாக்சைடு வாயு ஒட்டினால் லேசில் விடாது. மேல் அடுக்கில் கொஞ்சம் வெள்ளீயத்தைக் கலந்துவிட்டால் பிடி தளர்ந்துவிடும். கலப்பது நல்லதா கெட்டதா என்று பொதுவாகச் சொல்ல முடியாது. மேலே இருக்கும் அணுக்களில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான்கு வருஷத்துக்கு முன்னால், ஊருக்கு வந்தபோது சங்கிலியின் உடைந்த கொக்கியைக் கொண்டுபோய், மேல் அடுக்கில் என்ன அணு இருக்கிறது என்று காட்டும் கருவியில் வைத்தாள். நூறு அணுவுக்கு அறுபதுக்கு மேல் செம்பு.

அன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்து சொன்னாள்.  "அப்ப என் ஒடம்புல ஒண்ணும் இல்லியா, பாப்பா?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் இல்லம்மா."

"நெசமா ஒண்ணும் இல்லியா?" இன்னொரு முறை கேட்டாள். அப்புறம், "சரி வுடு. யாருகிட்டயும் சொல்லாத. அவரு தலகுனிஞ்சி நிக்கறத நான் பாக்க வாணாம்," என்று வைத்துவிட்டாள். அடுத்த முறை தமிழ்மொழி ஊருக்கு வந்தபோதும் கிணற்றடியில் புளி இருந்தது.

இப்போது அத்தை மறுபடி புளியை எடுத்தாள். தமிழ்மொழி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அம்மா ஒடம்புல ஒரு கெடுதியும் இல்ல அத்த. தங்கம் தானா கறுக்காது. அதுல செம்ப கலந்தா, மேலாக்க இருக்கற செம்பு வேர்வையில இருக்கற உப்ப புடிச்சிக்கினு கறுக்கும். யாரு போட்டாலும் கறுக்கும்."

"ஏன், என்னுது கறுக்கலியே?"

"ஒன்னுது தங்கம்."

அத்தை வாழையிலையில் கிடந்த சங்கிலியைப் பார்த்தாள். "அப்ப இது?"

"பாதிக்கு மேல செம்பு. மிஷின்ல வெச்சிப் பாத்தேன்."

"எங்க அண்ணிக்கு அவங்க அப்பா போட்டது நல்ல தங்கமாச்சேடி. நானே பாத்தனே. யாரு மாத்துனது?"

தமிழ்மொழியின் பார்வை கீழே இறங்கியது. கட்டியிருந்த சேலையின் அடியில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. வெடித்த குதிகால், கட்டைவிரல் நகத்தில் கரும்புத் தோட்டத்து மண். அத்தையும் அந்தப் பாதங்களைப் பார்த்தாள். இலக்கியாவும் பார்த்தாள். பாதங்கள் கொஞ்சநேரம் அசையாமல் நின்றன. பிறகு திரும்பி, செருப்பைத் தேடாமலே பந்தல் பக்கம் போயின.

அத்தை கையிலிருந்த புளியைத் தூர எறிந்தாள். சொம்பில் மஞ்சள் தண்ணீர் மொண்டு, செல்லியம்மாளின் கழுத்தில் மெதுவாக ஊற்றினாள். விரல்களால் அந்தக் கறுப்புக் கோட்டைத் தடவினாள். தேய்க்கவில்லை. 

"எலக்கியா," என்றாள் நிமிராமல். "புள்ளய எடுத்துக்கினு வா. நெய்ப்பந்தம் புடிக்கட்டும். பேரன் இல்லாம எப்பிடி?"

பன்னிரண்டு மணிக்குத் தூக்கினார்கள்.

ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பியபோது மூன்று மணி. அண்ணியின் பிறந்த வீட்டிலிருந்து சோறு வந்திருந்தது. பரிமாற அத்தை வரவில்லை. தலைவலி என்று உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். தமிழ்மொழிதான் ரச வாளியைத் தூக்கினாள்.

அப்பா நன்றாகச் சாப்பிட்டார். பிசைந்த சோறு விரல்களுக்கிடையில் பிதுங்கியது. குழம்பு முழங்கை வரை வழிந்தது. அதைச் சத்தமாக நாக்கால் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தம் அவள் காதுக்குள் ஈ மாதிரி சுற்றியது.

"நாலு பேரு முன்னால அத பேசாம இருந்திருக்கலாம்," என்றார் இலையைப் பார்த்தபடி.

அவள் நின்றாள்.

"அப்ப வேற வழி இல்ல. மோட்டாரு எரிஞ்சி போச்சு, பயிரு காஞ்சிக்கினு கெடந்துது. வித்தத எடுத்துச் சொன்னா அழுவா. அதான்." ஒரு கவளத்தை விழுங்கினார். சோற்றில் குழி செய்துகொண்டு, "கொஞ்சம் ரசம் ஊத்து," என்றார்.

தமிழ்மொழி கரண்டியில் ரசத்தை மொண்டாள். அவர் குழியின் இரண்டு ஓரத்தையும் விரலால் அணைத்துப் பிடித்துக் காத்திருந்தார். கரண்டி பாதி வழியில் நின்றது. அதன் அடியிலிருந்து சொட்டு சொட்டாக இலைக்கு வெளியே, சிமெண்டுத் தரையில் விழுந்துகொண்டிருந்தது.