ஷூ நுனியில் மீன்கொத்தி

1

அவன் எழுந்தான். பல் தேய்த்தான். அடுப்பில் பால் வைத்தான். பொங்குவதற்குள் அணைத்தான். ரொட்டியை நின்றபடியே தின்றான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான்.

(இது மூன்றாவது தொடக்கம். முதல் இரண்டிலும் எடுத்த எடுப்பில் பறவை வந்துவிட்டது. கிழித்துவிட்டேன். ‘நான்’ என்று எழுதினால் பேனா நகரவில்லை. ஆகவே ‘அவன்’.)

கதை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அவனும் அவன் மனைவியும் ஒரு குழுவோடு பறவை பார்க்கப் போவார்கள். குழுவுக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவள் இறந்த பிறகு வீட்டுக்கு வந்தார்.

“நம்ம குழு மலர்ல அவங்களைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுங்க தம்பி.”

அவளைப் பெற்ற அத்தை அங்கேதான் இருந்தாள்.

“எழுதுங்க மாப்ளே. எம் பொண்ணு கடைசியா என்ன சொன்னாள்னு அதுல இருக்கணும். நீங்க ஒருத்தர்தானே கூட இருந்தீங்க. எனக்கு அது போதும்.”

2

ஏரிக்கரை. வெண்பனி ஒரு போர்வையாய்

(விட்டுவிடுகிறேன். அன்று பனியே இல்லை.)

அன்று குழு வரவில்லை. இவர்கள் இருவர்தான். இருவருக்குள் ஒரு சட்டம் உண்டு: கரையில் உட்கார்ந்துவிட்டால் பேசக் கூடாது, அசையக் கூடாது. முதலில் அசைந்தவர் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவ வேண்டும். எப்போதும் அவள்தான் தோற்பாள். கால் மரத்துப்போச்சு என்பாள், எறும்பு என்பாள். “உன்னை மாதிரி புடிச்சுவச்ச பிள்ளையாரா உக்கார என்னால ஆகாதுப்பா.”

அன்று அவள் அசையவில்லை.

இருவருக்கும் நடுவில் நாணல். அவன் கண்ணுக்குத் தெரிந்தது நீட்டிய அவள் கால்கள் மட்டும். ஒரு மீன்கொத்தி வந்தது. அவள் ஷூவின் நுனியில் உட்கார்ந்தது. கிளையில் இல்லை, ஷூவில். அங்கிருந்து தண்ணீரைப் பார்த்தது. பாய்ந்தது. மீனோடு அதே ஷூவுக்குத் திரும்பியது. மீனை ஷூவிலேயே அடித்துக் கொன்று விழுங்கியது.

அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். இவளுக்கா இவ்வளவு பொறுமை என்று வியந்தான். இன்றைக்குப் பாத்திரம் நம் தலையில்தான் என்று நினைத்தான். சிரிப்புக்கூட வந்தது.

பறவை போனது. அவன் நாணலை விலக்கினான்.

(இங்கே ஒரு பத்தி இருந்தது.)

இதயம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். உட்கார்ந்த வாக்கிலேயே நின்றிருக்கிறது. பறவை வருவதற்கு முன்பா, பின்பா என்று அவன் கேட்டான். அவருக்குக் கேள்வி புரியவில்லை.

3

முடிவுகள்.

“அம்மாவைப் பாத்துக்கோ” என்றாள். இதைப் படித்தால் அத்தை அழுதுவிட்டுத் தூங்குவாள். ஆனால் தாய்க்கும் மகளுக்கும் அந்த வாரம் முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லை. அத்தையே நம்பமாட்டாள்.

அவள் அவன் கையைப் பிடித்து, மெல்ல

(இல்லை. கை எட்டாத தூரத்தில் இருந்தான்.)

அவள் ஒன்றும் சொல்லவில்லை. இது சுலபம். பொய்.

இதற்குள் அத்தை அறை வாசலில் வந்து நின்றாள்.

“ஆச்சா மாப்ளே?”

“இன்னும் இல்ல அத்தை.”

“திட்டியிருந்தாலும் அப்படியே எழுதுங்க. அவ வாய் எனக்குத் தெரியாதா?”

அத்தையிடம் எதைக் கொடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அவனால் ஆகவில்லை. நடந்ததை மட்டும் வைக்கிறேன். கரையில் உட்காரும்போது, சட்டம் தொடங்குவதற்குச் சற்று முன், அவள் சொன்னது:

“கொஞ்சம் தள்ளி உக்காருடா. உன் நிழல் தண்ணியில விழுது.”