காயாத கூந்தல்

கிறிஸ்தவச் சபை புதிதாய் முளைத்த காலம். ஸ்மிர்னா பட்டணத்தில் நூல் விற்ற மெலித்தாவுக்கு ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து தலைமுடி காயவில்லை. சபை மூப்பர் டமாஸ் அவளை ஆற்றில் மூன்று முறை முக்கி எடுத்தார். அதன்பிறகு ஆறு கோடைகள் போயும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. எடை கூட்ட நூலை நனைக்கிறாள் என்று வாங்குபவர்கள் திட்டினார்கள். சபையில் அவளைச் சாக்கடை ஓரமாக உட்காரவைத்தார்கள். வீடுகளில் பெண்கள் கட்டுக்குள் எந்த மூப்பரும் நுழைய முடியாது, நூல்காரி நுழையலாம். அப்படி அவள் சொல்லிச் சபைக்கு வந்த பெண்கள் பதினேழு பேர். முக்கி எடுத்ததென்னவோ டமாஸ்தான்.

பதினெட்டாமவள் ஜோசிமே, எண்ணெய் வியாபாரியின் மனைவி. இருமினால் இரத்தம் வந்தது. புருஷன் அவளை வாசல் தாண்ட விடமாட்டான், அந்நிய ஆணை உள்ளேயும் விடமாட்டான்.

"நாளைக்கு நாளைக்குங்கறியே அக்கா, எனக்கு எத்தனை நாளைக்கு இருக்கு?"

ஜோசிமேக்கு ஞானஸ்நானம் கேட்டு மெலித்தா மூன்றாம் முறையாக டமாஸிடம் போய் நின்றாள்.

"அங்க நான் போனா ஊரு சும்மா இருக்குமா? ஏற்கெனவே நம்மளப் பத்திக் கன்னாபின்னான்னு பேசறானுங்க."

"அப்ப நானே குடுத்துடறேன், மூப்பரே."

"பொம்பளைக்கு அந்த அதிகாரம் இல்லம்மா. சொல்லிக்குடு, அதோட நிறுத்திக்க. உயிர்த்தெழுந்த திருநாள் வரட்டும், பாப்போம்."

"அதுவரைக்கும் இருமலை நிறுத்தி வைக்கச் சொல்லவா?"

டமாஸ் சங்கீதம் பாடப் போய்விட்டார்.

மறுநாள் ஜோசிமேயால் தலையைத் தூக்க முடியவில்லை. மெலித்தா கதவைச் சாத்தினாள், பின்னலை அவிழ்த்தாள், சாயம் போட்ட நூலைப் பிழிவதுபோல இரண்டு கையாலும் கூந்தலை முறுக்கிப் பிழிந்தாள். ஆறு வருஷத் தண்ணீர். அது கட்டிலை மூடி ஜன்னல் வரை ஏறியது. ஜோசிமே மூன்று முறை மூழ்கி எழுந்தாள். தண்ணீர் வடிந்தபோது மெலித்தாவின் தலை வைக்கோலாகக் காய்ந்திருந்தது.

"செல்லாது" என்றார் டமாஸ்.

நான்காம் நாள் ஜோசிமே இறந்தாள். புருஷன் சிதையில் வைத்து முதல் பிழிவு எண்ணெயையே ஊற்றினான். தீ பிடிக்கவில்லை. அவள் கூந்தலிலிருந்து சொட்டியது விறகையெல்லாம் நனைத்தது. மூன்று வண்டி விறகு வீணான பிறகு, "எடுத்துட்டுப் போய்ப் புதைச்சுத் தொலைங்க" என்று சபையிடம் உடலைக் கொடுத்தான்.

டமாஸ் வந்தார். ஈர முடியைத் தொட்டுப் பார்த்தார், கையை அங்கியில் துடைத்துக்கொண்டார். செல்லும் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. மற்ற கல்லறைகளில் தண்ணீர் புகாதபடி சரிவின் அடியில் குழி வெட்டச் சொன்னார், அவ்வளவுதான். அந்த இடத்தில் கோடையிலும் புல் இருக்கும். ஆடு மேய்ப்பவர்கள் முதலில் அங்கேதான் போவார்கள்.