காளியம்மா இறங்கி வந்த கவிதை

1976-ஆம் ஆண்டு மார்ச் மாதம், மலேசியாவில் சுங்காய்க்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் ஐயாவு எழுதிய இருபத்தாறு வரிக் கவிதையிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து அவர் வீட்டு அடுப்படியில் நின்றாள். கவிதை, நான்கு மாதங்களுக்கு முன் இறந்துபோன அவர் மனைவி காளியம்மாவைப் பற்றியது. வந்தவளோ காளியம்மா இல்லை. நிலவு முகம் என்று எழுதியிருந்ததால் முகம் வெள்ளையாக, வட்டமாக இருந்தது. அந்த வெளிச்சத்திலேயே அரிசியில் கல் பொறுக்கலாம். மீன்விழி என்றிருந்ததால் கண் இமைக்கவில்லை. கொடியிடை என்றிருந்ததால் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கப் போய் இடுப்பு வளைந்துவிட்டது. அவள் பேச்சைப் பற்றி ஒரு வரியும் இல்லை, ஆகவே அவள் பேசவும் இல்லை. தோட்டத்து லயத்து வீடுகளின் சனம் இரண்டு நாள் வாசலில் கூடி நின்று பார்த்தது. மூன்றாம் நாள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐயாவு பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்து, அங்கே சிலிபின் பகுதியில் தையல்கடை வைத்திருந்த கத்தரினிடம் நடந்ததைச் சொல்லிக் கவிதையை நீட்டினார். இருவரும் ஞாயிறு பத்திரிகையில் எழுதுகிறவர்கள். கவிதை என்று வந்தால் கத்தரினிடம் பொய் வராது என்று அவருக்குத் தெரியும். அவள் ஊசியைத் துணியில் குத்திவிட்டு மெதுவாகப் படித்தாள். பிறகு, துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டியால் ஒரே ஒரு வரியின் கீழ் கோடிட்டாள். மரத்தில் கட்டிய மங்கில் பால் சொட்டுவதுபோல விட்டுவிட்டுச் சிரித்தாள் என்ற வரி அது.

"இத ஒங்களத் தவிர வேற யாராலயும் எழுத முடியாதுண்ணே. மத்ததெல்லாம் யாரு பொண்டாட்டிக்கும் பொருந்தும்லா. அதான் யாரோ வந்து நிக்கிறாங்க."

ஐயாவு தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அப்ப நான் என்னதாம்மா எழுதட்டும்?"

"அக்கா மூஞ்சி எப்படி இருக்கும்னு சொல்லுங்க. சும்மா சொல்லுங்க, கவிதையா வேணாம்."

அவர் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டே சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். ஊருக்குத் திரும்பியதும் அவர் சொன்னதையே எழுதினார். கன்னத்து அம்மைத் தழும்பை எழுதிய அன்று அடுப்படி இருண்டது, விளக்கேற்ற வேண்டியிருந்தது. பால் வெட்டும் உளி கிழித்த கட்டைவிரலை எழுதினார். அந்த விரலால் அவள் மிளகாய் கிள்ளினாள். இரண்டு வாளிப் பாலைத் தோளில் காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியவள் என்று எழுதியதும் இடுப்பு தடித்தது. மே மாதக் கடைசியில், தன் அடுப்படியில் நிற்பவள் காளியம்மாதான் என்பதில் ஐயாவுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. முதுகைக் காட்டியபடியே சமைத்தாள், முதுகைக் காட்டியபடியே படுத்தாள்.

அடுத்த முறை அவர் வந்தபோது கத்தரினுக்குக் கவிதையில் என்ன குறை என்று தெரிந்துதான் இருந்தது. சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை. காளியம்மா இறந்த அன்று, போன நவம்பரில், ஈப்போவில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஐயாவு கவிதை படித்திருந்தார். "இன்னொரு தடவ படிங்கண்ணே" என்று கேட்டவள் கத்தரின்தான். அவர் படித்தார், நாலு மணி பஸ்ஸைத் தவறவிட்டார். அதே நேரத்தில் தோட்டத்தில் மயங்கி விழுந்த காளியம்மாவை லாரியில் ஏற்றினார்கள். அவர் வருகிறாரா என்று பார்த்துக்கொண்டே போய், பாதி வழியில் அவள் உயிர் நின்றது.

"அண்ணே, அக்கா போன அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க? அது இதுல இல்ல," என்றாள் கத்தரின். "நானும் அதுல இருக்கேன். என்னையும் எழுதுங்க."

ஐயாவு தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார். ஏழு வாரம் வரவில்லை. கத்தரின் அந்த வாரங்களில் மூன்று ரவிக்கைகளைத் தப்பாக வெட்டினாள். தேவையில்லாததைச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றும். சொல்லாமல் விட்டிருந்தால் அவர் முகத்தை இனிமேல் எப்படிப் பார்த்திருப்பேன் என்றும் தோன்றும்.

எட்டாவது வாரம் கடிதம் வந்தது. கடைசியில் ஆறு வரி சேர்த்திருந்தார். கைதட்டல், தவறிய பஸ், லாரி, கத்தரின் எல்லாம் அதில் இருந்தன. கீழே, கவிதையாக இல்லாமல், நடந்ததை எழுதியிருந்தார். அவர் அந்த வரிகளைச் சத்தமாகப் படித்து முடித்ததும் காளியம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாளாம்.

"அன்னைக்கு அங்க என்ன படிச்சே? எங்கிட்ட ஒரு நாளும் படிச்சதில்லையே," என்று கேட்டாளாம். அவர் தேடி எடுத்துப் படித்தார். அவள் உட்கார்ந்து கேட்டாள்.

கத்தரின் கடிதத்தை வைத்துவிட்டு, கடைக் கதவைச் சாத்திக்கொண்டு சிறிது நேரம் அழுதாள். பிறகு கதவைத் திறந்தாள்.

தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி காளியம்மாவின் பெயரைப் பதிவேட்டில் ஏற்கெனவே அடித்துவிட்டதால் அவளுக்கு மறுபடி வேலை தரவில்லை. அவள் வீட்டிலேயே இருந்து கோழி வளர்த்தாள். 1983-இல் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது இருவரும் ஈப்போவில் புந்தோங் பகுதியில் ஒரு பலகை வீட்டுக்குக் குடிவந்தார்கள். ஐயாவு தொடர்ந்து எழுதினார். எழுதியதை முதலில் மனைவிக்குப் படித்துக் காட்டுவார். அவளுக்கு எழுத்துத் தெரியாது. தனக்குப் பிடிக்காத வரி தாளில் எங்கே இருக்கிறது என்று கேட்டு, மஞ்சள் ஒட்டிய சமையல் கையோடு அதன்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துவாள். அதன் பிறகுதான் கவிதை சிலிபினுக்கு வரும். மஞ்சள் ரேகை பட்ட வரிகளைக் கத்தரின் படிப்பதில்லை. மிச்சத்துக்கு மட்டும் சாக்கட்டியைக் கையில் எடுப்பாள்.