காலியாக விட்ட வாரங்கள்

எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் ஒழுங்காக ஓடுகிறதாம். சொன்னது நான் வேலை பார்க்கும் தஞ்சாவூர் ஆய்வு நிறுவனம். அதற்குக் கணக்குப் போட்டுத் தரச் சொன்னது என்னிடமே என்பதுதான் கொடுமை.

சம்பா பருவம் முழுக்க வாரம் ஒரு முறை எங்கள் ஆள் ஒவ்வொரு மடைக்கும் போவார். வயலில் நிற்பவரிடம் ஒரே கேள்வி: தண்ணீர் வந்ததா? ஆம் அல்லது இல்லை. வயலில் ஆள் இல்லாவிட்டால் அந்த வாரம் காலி. தண்ணீர் முதலில் வந்து சேரும் தலைமடையில் காலி என்பதே கிடையாது. பட்டுக்கோட்டைக்கு அந்தப் பக்கம், கடைமடையில் இருக்கும் எங்கள் ஊரில் வரிசையாக இல்லை, இல்லை, இல்லை. அதன் பிறகு அறுவடை வரை காலி.

காலி வாரங்களைத் தள்ளிவிட்டு மிச்சத்தைக் கூட்டச் சொன்னார் திட்டத் தலைவர் பிரபு சார். ஒவ்வொரு பதிலும் தனித்தனி என்று வைத்துக்கொண்டால் போதுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் வறண்டு கிடந்த மடை இந்த வாரமும் வறண்டு கிடக்கத்தானே வாய்ப்பு அதிகம்? இல்லை என்று சொல்லி அலுத்தவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். தலைமடையில் நின்றவர்களின் 'ஆம்' மட்டும் வாய்க்கால் முழுவதற்கும் ஆம் ஆகிவிட்டது. இந்த அறிக்கை பாசனத் துறைக்குப் போனால் எங்கள் வாய்க்காலைத் தூர்வார மாட்டார்கள்.

ஒவ்வொரு மடையின் பதில்களையும் ஒரே தொடராக எடுத்து, விவசாயிகள் ஊரைவிட்டுப் போனதையும் சேர்த்து வேறு கணக்கு மாடல் போட்டேன். முடிவு தலைகீழாக வந்தது.

"செம்மொழி, உங்க ஊருங்கிறதுக்காகப் பேசாதீங்க. காலின்னா நமக்குத் தெரியாதுன்னு அர்த்தம்" என்றார் பிரபு சார்.

"கேட்டாத் தெரியும் சார். யாரும் கேக்கல."

மறுநாள் பாசனப் பொறியாளர் ஞானாம்பாள் முன்னால் பிரபு சாரின் கணக்குதான் திரையில் வந்தது. தண்ணீர் கடைமடை வரை போகிறது என்று கடைசி வரியைப் படித்தார். நான் எழுந்தேன். உட்காரும்படி கையைக் காட்டினார். வேலை போனால் போகட்டும் என்று வைரக்கண்ணு சித்தப்பாவின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டேன். வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது.

"சித்தப்பா, வயல்ல ஏன் ஆளையே காணும்? தண்ணி வந்துச்சா, இல்லியா?"

பின்னால் தையல் மெஷின்களின் சத்தம்.

"வந்திருந்தா நான் ஏம்மா திருப்பூர்ல பனியன் கம்பெனியில நிக்கிறேன்? நட்டது பூரா கருகிப்போச்சு. உன் சித்தியும் இங்கதான் இருக்கா."

ஞானாம்பாள் பிரபு சாரைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் கடைசி வரிய எடுத்துருங்க."

"எடுத்தாப் பத்தாது மேடம்" என்றேன். "எடுத்தா அதுவும் காலிதான். தண்ணி வரலன்னு எழுதச் சொல்லுங்க."