யார் கேட்டால் கிடைக்கும்

கன்னியர் மடத்தில் மணி அடிப்பது அவள் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் மணி சிஸ்டர். கடவுளே தாமதமாக வந்தாலும் அவள் மணி தாமதமாகாது என்று மதர் கேலி செய்வதுண்டு. அவ்வளவு ஒழுங்கு. ஆனால் ஜெபத்துக்கு முழங்கால் போட்டதும் மனம் ஊர் சுற்றப் போய்விடும். கொடியில் துணி காய்ந்ததா, குழாயை மூடினோமா என்றே ஓடும்.

சின்ன சிஸ்டருக்கு அந்தத் தொல்லையே இல்லை. கண்ணை மூடினால் அவளுக்கு உலகம் இல்லை. நேற்று வந்த பெண். வாட்ச்மேன் மனைவிக்கு அவள் ஜெபித்துக் காய்ச்சல் இறங்கியதாம்; அன்று முதல் வாசலுக்கு வருகிறவர்களெல்லாம், "சின்ன சிஸ்டர் இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். இத்தனை வருடம் முட்டி தேய்ந்தவளை ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. மணி சிஸ்டருக்கு வயிறு எரிந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியும் பார்த்தாள். அடுத்த நாளும் எரிந்தது.

மாதத் தியான நாளன்று காலையில் அவளுடைய தம்பி வந்தான். பார்வையாளர் அறையில் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, பாப்பாவுக்கு இன்னைக்கு மத்தியானம் இதயத்துல ஆபரேஷன்."

"ஐயோ! கவலைப்படாதடா, நான் ஜெபிக்கிறேன்."

"நீ எப்பவும் பண்றதுதானே. இங்க ஒரு சின்ன சிஸ்டர் இருக்காங்களாமே, அவங்க கேட்டா கிடைக்குமாம். அவங்ககிட்ட சொல்லிடுக்கா, மறந்துடாதே."

கூடப் பிறந்தவனே இப்படி! அவள் முகம் சுண்டிப்போனது. "சொல்றேன்" என்றாள்.

தியான நாளில் காலைச் சாப்பாடு முடிந்து மணி அடித்துவிட்டால் சாயங்காலம்வரை மௌனம். பாதி சொன்ன வார்த்தையைக்கூட விழுங்கிவிட வேண்டும். சாப்பாட்டு அறையில் சின்ன சிஸ்டர் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். நாலு எட்டு வைத்தால் சொல்லிவிடலாம். மணி சிஸ்டர் அந்தப் பக்கமே போகவில்லை. நேரே மணிக் கயிற்றிடம் போய், வாழ்நாளில் முதல் தடவையாக, நேரத்துக்கு முன்னாலேயே இழுத்தாள். பேச்செல்லாம் அப்படியே நின்றது. மதர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் வாய் திறந்து கேட்க முடியாதே! இனி சொல்ல நினைத்தாலும் சட்டம் விடாது. மணி சிஸ்டருக்கு வயிறு குளிர்ந்தது.

சிற்றாலயத்தில் முழங்கால் போட்டாள். அன்று மனம் எங்கும் ஓடவில்லை. ஆண்டவரே, பிள்ளையைக் காப்பாற்றும். நான் கேட்டேன் என்பதற்காகக் காப்பாற்றும். அவளைக் கேட்காமலே கிடைத்தது என்று தம்பிக்குத் தெரியட்டும். இப்படியே சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று உறைத்தது. அங்கே பிள்ளையின் நெஞ்சைக் கிழிக்கப் போகிறார்கள். இங்கே இவள் பேர் வாங்கப் பார்க்கிறாள். சீ, நானும் ஒரு அத்தையா!

எழுந்து போய்ச் சின்ன சிஸ்டர் பக்கத்தில் மண்டியிட்டாள். மற்றவர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்க, சத்தமாகவே சொன்னாள்.

"என் தம்பி பொண்ணுக்கு இன்னைக்கு ஆபரேஷன். உங்களை ஜெபிக்கச் சொல்லச் சொன்னான். நான் வேணும்னேதான் சொல்லாம மணியை அடிச்சுட்டேன்."

சின்ன சிஸ்டர் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். சற்று நேரத்தில் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பார்த்தே இராத பிள்ளைக்கு! சொந்த அத்தைக்கு ஒரு சொட்டு வரவில்லை. அதற்கும் மணி சிஸ்டருக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளாமல் அவளோடு சேர்ந்து கேட்டாள்.

சாயங்காலம் போன் வந்தது.

"அக்கா, பாப்பா கண் முழிச்சுட்டா! எல்லாம் அந்த சிஸ்டரோட ஜெபம்தான். நான் நன்றி சொன்னேன்னு மறக்காம சொல்லிடுக்கா."

'நானும்தான்டா கேட்டேன்' என்பது நாக்கு நுனிவரை வந்தது.

"இப்பவே போய்ச் சொல்றேன்டா" என்று போனை வைத்தாள்.

பிள்ளை பிழைத்த சந்தோஷத்தில் அழுகை வந்தது. அந்த நன்றியை அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமே என்றும் அழுகை வந்தது. அழுதுகொண்டே போய், ஒரு வார்த்தை குறைக்காமல் கொடுத்தாள்.